குடியை நிறுத்திய பின்னான நீண்டகாலத் துணை: இணையத்தில் தமிழில் எங்கே தேடுவது?

கேள்வி: பனிமூட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் வால்பாறைப் பகுதியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றேன். அதன்பின் இன்றுவரை குடிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, வாரம் ஒருமுறையாவது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகவேண்டும், மாதம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கவேண்டும் என்று சொன்னார்கள். அறிவுரை சரியானதுதான். ஆனால் பொள்ளாச்சிக்கு இறங்குவதென்றால் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறத்தாழ 65 கிலோமீட்டர் போகவேண்டும். மாலையில் நடக்கும் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு அன்றிரவே மலையேறி மறுநாள் காலை ஷிப்டுக்கு நிற்பது நடக்கிற காரியமில்லை.

இன்னொரு தடையும் உண்டு. இது சிறிய ஊர். யார் டாஸ்மாக் கடைப் பக்கம் நின்றார் என்பது எவ்வளவு விரைவாகப் பரவுமோ, அதே விரைவில் யார் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுவதும் பரவிவிடும். அதனால் இணையத்தில் தேடத் தொடங்கினேன். ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். காலை வணக்கப் படங்களும் அரசியல் சண்டைகளும்தான் அதில் ஓடின, போதாக்குறைக்கு என் எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிந்தது. இன்னொரு பக்கத்தில், குடிப்பவருக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடியை அனுப்புவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் நல்ல தளங்கள் இருப்பது தெரிகிறது. வாசிக்க முடியும், ஆனால் மனத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் திறந்து சொல்ல எனக்கு வராது.

சிகிச்சை முடிந்து வந்த புதிதில் வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லாரும் விசாரித்தார்கள். இப்போது யாரும் விசாரிப்பதில்லை. விட்டுவிட்டான், விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு முடியவில்லை. போனஸ் கொடுக்கும் வாரமும், மழை விடாமல் பெய்து வெளியே போக வழியில்லாத ஞாயிற்றுக்கிழமையும் இன்னமும் கடினமாகவே இருக்கின்றன. தமிழில் தொடர்ந்து கிடைக்கக்கூடிய இணையத் துணை எது, அது நம்பத்தக்கது என்று எப்படி அறிவது, நேரில் போகாமல் இணையத்தை மட்டும் நம்பி இருப்பது போதுமா, எத்தனை காலத்துக்கு இது வேண்டியிருக்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: திண்டுக்கல் மூத்தவர்

தம்பி, கடைசிக்கு முந்திய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். தொலைவிலிருந்து கிடைக்கும் துணை இரண்டாந்தரமானது என்று நினைக்கவேண்டாம். ஏ.ஏ. என்ற அமைப்பே ஒரு தொலைபேசித் தேடலில் தொடங்கியது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், வியாபாரம் கைவிட்டுப்போன நிலையில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பில் வில்சன், ஒரு பக்கம் மதுக்கூடமும் மறுபக்கம் தொலைபேசியும் இருந்த கூடத்தில் நின்று, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று ஊரில் இருந்த பாதிரியார்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அழைப்பின் வழியாகத்தான் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அதற்குப் பிறகும் கப்பல் ஊழியர்கள், தீவுகளிலும் காடுகளிலும் தனியாக இருப்பவர்கள் ஆகியோருக்காகக் கடிதம் மூலமாகவே ஒரு கூட்டத்தை அந்த அமைப்பு நடத்திவந்தது. மலைமேல் இருக்கும் உங்களுக்காக யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மண்டபங்கள் மூடப்பட்டபோது எங்கள் குழுக்கள் ஜூமுக்கு மாறின. ஊரடங்கு முடிந்ததும் பல குழுக்கள் மண்டபத்துக்குத் திரும்பின; சில குழுக்கள் இணையத்திலேயே தங்கிவிட்டன. அப்படித் தங்கியவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஏ.ஏ.வின் இணையக் கூட்டங்களுக்கென்றே 'ஆன்லைன் இன்டர்குரூப்' என்ற பட்டியல் இருக்கிறது. அதில் மொழியைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம், நேரத்தையும் நம் நாட்டு நேரத்திலேயே காட்டும். ஆனால் பட்டியலில் பதியாத தமிழ்க் குழுக்களும் உண்டு என்பதால், கோவையிலோ மதுரையிலோ சென்னையிலோ உள்ள ஏ.ஏ. தொடர்பு எண்ணைக் கூப்பிட்டு, தமிழில் இணையக் கூட்டம் எந்தெந்தக் கிழமை என்று நேரடியாகக் கேட்பதே விரைவான வழி. எடுப்பவரும் ஒரு குடிநோயாளியாகத்தான் இருப்பார். தயங்கித் தயங்கிப் பேசுவது அவருக்குப் பழக்கம்.

உள்ளே போனதும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முழுப் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். திரையில் தெரியும் பெயரை முன்கூட்டியே ஒரு புனைபெயராக மாற்றிக்கொள்ளுங்கள். பலருடைய கைபேசியில் அலுவலகப் பெயரே தெரிந்துவிடும். தொடக்கத்தில் கேமராவை அணைத்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் அறிவுரை வழங்குவதும் இல்லை. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர உறுப்பினராவதற்கு வேறு தகுதியும் தேவையில்லை என்பது, குழுக்கள் நடக்கவேண்டிய முறையைச் சொல்லும் எங்கள் மரபுகளில் மூன்றாவது. 'மூடிய கூட்டம்' என்று போட்டிருந்தால் அதில் குடிநோயாளிகள் மட்டுமே இருப்பார்கள். ஊர்க்காரர் யாராவது வேடிக்கை பார்க்க வந்துவிடுவாரோ என்ற கவலை உங்களுக்கு இருப்பதால் அந்த வகையையே தேர்ந்தெடுங்கள்.

பல கூட்டங்களைச் சுற்றிப்பார்த்த பிறகு ஒன்றை உங்களுடைய சொந்தக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் நடக்கும் கூட்டத்தில் நீங்கள் வராவிட்டால் நாற்காலி காலியாகத் தெரியும். இணையத்தில் ஒரு சிறிய சதுரம் இல்லாமற்போனது யாருக்கும் தெரியாது. ஆகவே உங்களைத் தேடும் அளவுக்கு ஒரு குழுவில் நீங்கள் அறிமுகமாகியிருக்க வேண்டும். அதற்குச் சிறந்த வழி ஒரு வேலையை எடுத்துக்கொள்வது. கூட்டத்தின் அறையைத் திறந்துவிடுவது, நேரம் பார்ப்பது, வாசிப்பைத் தொடங்கிவைப்பது போன்ற வேலைகளுக்கு இணையக் குழுக்களில் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. வியாழன் இரவு எட்டு மணிக்கு அறையைத் திறக்கவேண்டியவர் நீங்கள் என்றால், அன்று ஏழு மணிக்கு வேறெங்கும் போக முடியாது.

அடுத்து, ஸ்பான்சர். கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். போனஸ் வாரத்தின் சனிக்கிழமை மாலை கூட்டமே இருக்காது. அந்த நேரத்தில் கூப்பிடுவதற்கு ஒரே ஒருவரை, உங்களைவிடச் சில ஆண்டுகள் முன்னால் குடியை நிறுத்தியவரை, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் பிரச்சினையில்லாத நாள்களிலும் அவரைக் கூப்பிட்டுப் பழகவேண்டும்; சாதாரண நாளில் கூப்பிடாதவர் நெருக்கடியான நாளிலும் கூப்பிடமாட்டார், இதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். உங்கள் பக்கம் சிக்னல் சரியாக இருக்காது என்பதால் இணையத்தை நம்பாமல் சாதாரணத் தொலைபேசி அழைப்பையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மனநலப் பணியாளர்

வணக்கம். நான் ஓர் அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரிகிறேன், மருத்துவர் அல்ல. மூத்தவர் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், குழுவால் செய்ய முடியாதவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நள்ளிரவில் யாரும் கிடைக்காதபோது கூப்பிட இரண்டு கட்டணமில்லா எண்கள் இருக்கின்றன. 14446 என்பது ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகம் நடத்தும் போதை மீட்பு உதவி எண். 14416 என்பது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். இவற்றின் பயனையும் எல்லையையும் சேர்த்தே அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கக்கூடும்; உங்கள் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும். அந்த இரவைக் கடப்பதற்கு அது போதும், ஓராண்டைக் கடப்பதற்குப் போதாது.

தொடர் கண்காணிப்புக்கு, உங்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவரிடமே காணொலி வழியாக மறுபரிசோதனை செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பிறகு இது முறையான வழியாகிவிட்டது. ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளியை இப்படித் தொடர்ந்து பார்ப்பதற்குப் பெரும்பாலான மருத்துவர்கள் தயங்குவதில்லை. அது முடியாவிட்டால், அரசின் இ-சஞ்சீவனி சேவை வழியாகக் கட்டணமில்லாமல் மருத்துவரிடம் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதையும் விசாரித்து வையுங்கள். கூட்டத்துக்காக ஒவ்வொரு வாரமும் மலையிறங்க முடியாதவர், மருத்துவருக்காக இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இறங்கலாம்.

நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, இங்கே சொல்லவும் வேண்டாம். பொதுவாகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மது குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல்போகச் செய்யும் டைசல்ஃபிரம் எடுப்பவர்கள் மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம்வரை அதன் விளைவு உடலில் இருக்கலாம் என்பதையும், மது கலந்த இருமல் மருந்துகூட அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறக்கக்கூடாது. குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர்கள், வேலையிடத்தில் விபத்து ஏற்பட்டு மருத்துவமனைக்குப் போனால் அதை உடனே சொல்லவேண்டும், ஏனென்றால் அபின் வகை வலி மருந்துகள் அவர்களுக்கு வேலை செய்யாது. இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்க்கிற உங்களைப் போன்றவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருப்பது நல்லது. எந்த மருந்தையும் குழுவில் யாரோ சொன்னார் என்பதற்காக நிறுத்தவேண்டாம். "மாத்திரை எடுத்தால் அதுவும் போதைதான்" என்று சொல்கிற உறுப்பினர் சில குழுக்களில் இருப்பார். அவருடைய அனுபவத்தை மதியுங்கள், மருத்துவத்தை அவரிடம் கேட்காதீர்கள்.

அந்தப் பொடியைப் பற்றி. தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகளில் டைசல்ஃபிரம் கலந்திருக்கக்கூடும். அதை உட்கொண்டவர் விவரம் அறியாமல் மது அருந்தினால், முகம் சிவந்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளியின் சம்மதத்துடன், எச்சரித்த பின்னரே அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட விளம்பரம் வருகிற பக்கத்தை விட்டு வெளியேறிவிடுங்கள். அதேபோல், குணமானவர்களின் முகத்தையும் பெயரையும் காட்டிக் காணொலி வெளியிடும் பக்கங்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை பெறுகிறவரின் விவரத்தையோ படத்தையோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்கிறது. உங்கள் படத்தை நன்றிக்கடனாகக் கேட்கிற இடம் நல்ல இடமாக இருக்க வாய்ப்பில்லை.

ஒருவேளை மீண்டும் குடிக்க நேர்ந்து, அது சில நாள்கள் தொடர்ந்துவிட்டால், குழுவின் ஊக்கத்தை மட்டும் நம்பி வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாதவை தெரிவதும் கேட்பதும் தொடங்கலாம். இவை மருத்துவமனையில் பார்க்கவேண்டியவை. மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால், அறிகுறி தெரிந்ததும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கும்படி வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எத்தனை காலம் என்று கேட்டிருந்தீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் வைலன்ட் பல பத்தாண்டுகள் ஒரே மனிதர்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், ஐந்தாண்டுகள் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பியது அரிதாக இருந்தது. முதல் ஆண்டைக் கடக்காத ஒருவருக்குக் கடினமான ஞாயிற்றுக்கிழமைகள் இருப்பது சிகிச்சை தோற்றதற்கான அடையாளம் அல்ல. 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வின்படி, மதுச் சார்பு நிலையில் உள்ள 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளிச் சிகிச்சை கிடைத்தவர் 180 பேரில் ஒருவர். சிகிச்சைக்கே இந்த நிலை என்றால், சிகிச்சைக்குப் பிந்திய துணை எவ்வளவு குறைவாக இருக்கும் என்று பாருங்கள். உங்களால் கண்டுபிடிக்க முடியாமற்போனதில் வியப்பில்லை.

மறுமொழி: கணக்கன்

பனிமூட்டம் அவர்களுக்கு வணக்கம். மூத்தவர் சொன்ன வழி எனக்குப் பொருந்தவில்லை. கூட்டத்தில் இறைவன் என்ற சொல் வந்ததும் என் மனம் வாதம் செய்யத் தொடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரமும் வாதத்திலேயே போய்விடும். என்னைப் போன்றவர்களுக்கு 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முறைகளை அடிப்படையாகக் கொண்டது. தன்னைக் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. வழிநடத்துபவர் பயிற்சி பெற்றவர். உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் உரையாடலாம். இணையக் கூட்டங்கள் நிறைய இருந்தாலும், நான் கலந்துகொண்டவை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை.

ஆனால் அவர்களுடைய பயிற்சிகளைத் தமிழில் செய்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். குடிப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, குடிக்காமல் இருப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று நான்கு கட்டங்களில் எழுதவேண்டும். குடிப்பதால் கிடைத்ததையும் ஒளிக்காமல் எழுதவேண்டும் என்பதுதான் அதன் சிறப்பு. தூக்கம் வந்தது, கூச்சம் போனது, நண்பர்கள் இருந்தார்கள் என்று எழுதினால்தான் அவற்றை வேறு எப்படிப் பெறுவது என்று யோசிக்க முடியும். இன்னொரு பயிற்சி, வேட்கை வந்த நேரம், இடம், அதற்குமுன் நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வருவது. நீங்கள் போனஸ் வாரம், மழை ஞாயிறு என்று இரண்டை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன்.

எனக்குப் பொருந்தாத வழி என்பதற்காக அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, 2020இல் வெளியானது, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, ஏ.ஏ.வுக்கும் அதை நோக்கி முறைப்படி வழிகாட்டும் சிகிச்சைக்கும் பிற சிகிச்சைகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தது. ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள், அந்த வழியில் சென்றவர்களில் 42 விழுக்காடு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற வழிகளில் 35 விழுக்காடு. மூத்தவர் இதைப் பார்த்து மகிழலாம். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நேரில் நடந்த கூட்டங்களைப் பற்றியவை. ஜூம் கூட்டத்துக்கு அதே எண்ணைப் பொருத்துவதற்கு நான் தயங்குவேன்.

கைபேசி வழித் துணையைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கஸ்டாஃப்சன் குழுவினர் 2014இல் வெளியிட்டது. உள்நோயாளிச் சிகிச்சை முடித்து வெளியேறிய 349 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்போடு ஒரு கைபேசிச் செயலியையும் எட்டு மாதங்களுக்குக் கொடுத்தார்கள். முன்பு குடித்துவந்த இடத்தை நெருங்கினால் அது எச்சரிக்கும். நெருக்கடியில் அழுத்த ஒரு பொத்தான் இருக்கும். சக நோயாளிகளோடு உரையாடலாம். நிலைமை மோசமாவதை ஆலோசகரும் அறியமுடியும். அளவு மீறிக் குடித்த நாள்கள், முப்பது நாளுக்குச் செயலி இருந்தவர்களிடம் சராசரியாக 1.39, இல்லாதவர்களிடம் 2.75. இதில் கவனிக்கவேண்டியது, செயலிக்குப் பின்னால் ஓர் ஆலோசகரும் ஒரே நிலையில் உள்ள மனிதர்களும் இருந்தார்கள் என்பது. நாள்களை மட்டும் எண்ணிக் காட்டி வாழ்த்துச் சொல்லும் செயலிகள் இதுபோன்றவை அல்ல. அவற்றை நான் விரும்புவதில்லை. ஒருநாள் சறுக்கினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது, அதைப் பார்த்த வெறுப்பிலேயே மறுநாளும் குடித்தவர்களை அறிவேன்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. தமிழில் பேசுவதற்கு மூத்தவர் சொல்லும் குழுவுக்குப் போங்கள். யோசிப்பதற்கு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மறுமொழி: திண்டுக்கல் மூத்தவர்

கணக்கன் தம்பிக்கு ஒரு சிறு குறிப்பு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் மூன்றாம் படியிலேயே 'நாம் புரிந்துகொண்டபடியான இறைவன்' என்றுதான் இருக்கிறது. எங்கள் குழுவில் பெரியார் வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு எல்லாப் படிகளையும் ஏறியவர்கள். பிரார்த்தனை நேரத்தில் எழுந்து போய்த் தேநீர் ஊற்றுவார்கள்; யாரும் கேட்பதில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. நாங்கள் நான்காம் படியில் எங்களைப் பற்றி நாங்களே கணக்கெடுத்து எழுதுவதற்கு அது நெருங்கிய உறவு.

மறுமொழி: சேலத்துக்காரி

வணக்கம். நான் குடிநோயாளியின் மனைவி. இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் குடித்தவரைப் பற்றியே எழுதியதால் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, பனிமூட்டம் அண்ணா, உங்கள் வீட்டில் மனைவியோ தாயோ இருந்தால் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். ஏ.ஏ.வோடு இணைந்து நடக்கும் அல்-அனான் என்ற குடும்பத்தினர் குழு 1951இல் தொடங்கப்பட்டது. அதற்கும் இணையக் கூட்டங்கள் உண்டு. என் கணவர் குடியை நிறுத்திய பிறகும் நான் அவருடைய மூச்சை முகர்ந்து பார்ப்பதையும், பத்து நிமிடம் தாமதமானால் நண்பர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதையும் நிறுத்த முடியவில்லை. அவர் தனியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி யாருடனோ ஜூமில் பேசினால் அதுவும் சந்தேகமாக இருந்தது. குழந்தைகள் தூங்கிய பிறகு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எனக்கான கூட்டத்தில் உட்கார்ந்த பின்புதான், அவர் அறைக்குள் என்ன பேசுகிறார் என்பது எனக்குத் தெரியவேண்டியதில்லை என்று மனம் ஒப்பியது. நீங்கள் கூட்டத்தில் சேர்வதற்கு முன்பே, எந்த நாளில் எத்தனை மணிக்கு, எதற்காகக் கதவைச் சாத்துகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள். லைன் வீட்டில் சாத்துவதற்கு அறை இருக்குமா என்பதே ஐயம். அப்படியானால் எல்லாரும் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் வாசலில் உட்காரலாம் என்பதையாவது பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, இந்த உரையாடலைப் பெண்களும் படிப்பார்கள், அவர்களில் குடிக்கிறவர்களும் இருப்பார்கள். மண்டபத்தில் முப்பது ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் போய் உட்கார்ந்து, நான் குடிநோயாளி என்று நம் ஊரில் சொல்வது எத்தனை கடினம் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டத்தில்தான் முதன்முதலாக வாய் திறந்தார். அவருக்கு இணையம் மாற்று வழியாக இருக்கவில்லை. அதுவே ஒரே வழியாக இருந்தது. ஆன்லைன் இன்டர்குரூப் பட்டியலில் பெண்கள் கூட்டங்களைத் தனியாகப் பிரித்துத் தேடலாம்.

மறுமொழி: பனிமூட்டம்

அனைவருக்கும் நன்றி. கோவை எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் என் ஊரைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று மட்டும் கேட்டார். இரவில் நடக்கும் ஒரு தமிழ்க் கூட்டத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறார். அந்த வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். மருத்துவருடைய உதவியாளரிடமும் பேசினேன். மாத இறுதியில் காணொலி வழியாகப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மருந்துச் சீட்டு விஷயத்தை மனநலப் பணியாளர் சொன்னபடியே செய்துவிட்டேன். அதைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மனைவியிடம் அல்-அனான் பற்றிச் சொன்னேன். முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள் என்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு இரவு ஷிப்டு. அந்த வாரங்களில் இரவுக் கூட்டத்தில் இருக்க முடியாது. பகலில் தூங்கி எழுந்திருக்கும் நேரத்தில் கூட்டம் எதுவும் இல்லை என்கிறார்கள். ஷிப்டு மாறும் வாரம்தான் எனக்கு எப்போதும் தூக்கம் கெட்டு, மனமும் கெடுகிற வாரம்.

மறுமொழி: திண்டுக்கல் மூத்தவர்

தம்பி, வெளிநாட்டுத் தமிழர்கள் பக்கம் தேடுங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் நேரம் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து வருகிறவர்கள் வைக்கும் கூட்டம், நம் ஊர்க் கூட்டங்கள் இல்லாத நேரத்தில் விழும். சிங்கப்பூரில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் உங்களுக்கு மாலை ஐந்தரை. தூங்கி எழுந்து, ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் முடித்துவிடலாம். தமிழில் அந்த நேரத்தில் எதுவும் அமையாத நாளில் ஓர் ஆங்கிலக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள், பேசவேண்டியதில்லை.

ஷிப்டு மாறும் முதல் மூன்று நாள்களுக்கு மட்டும், வேலைக்குப் போவதற்கு முன் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிடுவதாக முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பசியோடும் களைப்போடும் கூப்பிடாதீர்கள், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். கோவைக்காரரிடம் ஸ்பான்சர் பற்றிக் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இந்த வாரக் கூட்டம் முடிந்ததும் அறையை விட்டு வெளியேறாமல் சற்று இருங்கள். கூட்டம் முடிந்த பிறகு நான்கைந்து பேர் அரட்டையடித்துக்கொண்டு தங்குவார்கள். அப்போது கேட்பதுதான் எளிது.